வண்டியா, உன் காலா?

உனக்கு,

இன்று காலை கேட்டின் தாழ்ப்பாள் இறுகிப்போய் நகர மறுத்தது. கடலோரத் தெருவில் குடியிருந்தால் இந்தத் தொல்லை தீராது. வாஸ்லின் டப்பாவை எடுத்து வந்து, விரலால் வழித்துத் தடவினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். குருசுக்குப்பத்து வீட்டில் நீ வாஸ்லின் தடவாத இரும்பு எது? பீரோ கைப்பிடி, ஜன்னல் கொக்கி, தையல் மெஷின், மாதா படம் மாட்டிய ஆணி வரைக்கும் தடவுவாய். "உப்புக் காத்துடி, உட்டா தின்னுடும்" என்பாய். உன் முகத்தில் மட்டும் அதைத் தடவி நான் பார்த்ததில்லை.

உன் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் உங்களுடையது 'சொல்தா வீடு'. அவர் போன பிறகு, பென்ஷனை வாங்கிக்கொண்டு நீ மூலையில் உட்கார்ந்துவிடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீயோ ஐம்பதைத் தாண்டி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய். ஒரு வெள்ளை டர்போ டீசல் காரையும் வாங்கி வந்து நிறுத்தினாய். ஆஸ்பத்திரியில் எனக்கு லீவு கிடைத்தால் போதும், பள்ளிக்கூடத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த உரிமையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் வடக்கே கிளம்பிவிடுவாய். மரக்காணத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். வேறு வேலை எதுவும் கிடையாது. அந்த டீக்காகத்தான் நீ வாரம் முழுக்க உற்சாகமாக இருந்தாய்.

சுனாமிக்கு அடுத்த வருடம்தான் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. பிள்ளைச்சாவடி வரை வண்டி நன்றாகப் போகும். அதற்குப் பிறகு எங்கேயாவது, சொல்லாமல் கொள்ளாமல் துவண்டுவிடும். மிதித்தாலும் இழுக்காது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒருநாள் பஸ்ஸை முந்தும்போது பாதியில் அப்படி ஆகி, எதிரே லாரி வந்துவிட்டது. தப்பித்தது உன் புண்ணியம்.

மெக்கானிக் சேகர் குறை வைக்காமல்தான் பார்த்தார். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினார். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுவதுதான் டர்போவின் வேலை, அதன் குழாயில் விரிசல் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று அதையும் கழற்றிப் பார்த்தார். பிறகு முத்தியால்பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வண்டி குதிரையாகப் பறந்தது. "வண்டி நல்லாத்தான் கீது மேடம். நீங்க ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கிறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அந்தக் கேள்வி பாரிஸ் வரை போனது. உன் மகன் போனில், "மா, கோளாறு வண்டியில இல்ல, உங்க கால்ல. சுகர் எவ்ளோ வருஷமா இருக்கு! நான் நொயேலுக்கு வரேன், வித்துடலாம்" என்று முடித்துவிட்டான். கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களே இருந்தன. நீ நேராக என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாய்.

"நீ நர்ஸுதான? சொல்லுடி. வண்டியா, என் காலா?"

உன் குரல் அப்படி இறங்கி அதுவரை நான் கேட்டதில்லை. வண்டி போனால் உனக்கு அந்தப் பெரிய வீடுதான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். "மொதல்ல வண்டியப் பாப்போம்" என்றேன். எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலைப் பற்றித் தெரியும். எப்போது வருகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்று நோயாளியைத் துருவுவது போல உன்னைத் துருவினேன். வெயிலிலா, மழையிலா? ஏசி போட்டாலா, போடாவிட்டாலா? நீ யோசித்து யோசித்துச் சொன்னாய். கடைசியில் ஒன்று கிடைத்தது: டேங்க் நிறைய டீசல் போட்ட நாட்களில்தான் சீக்கிரம் வருகிறது. நிறையச் சாப்பிட்டவனுக்குத் தெம்பு குறையுமா? அந்தச் சந்தேகம் என்னை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். நான் பார்ப்பதற்காக நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினாய். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, குனிந்து உன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலாப்பட்டு தாண்டியதும் வண்டி துவண்டது.

"மிதிக்கிறனாடி?"

"மிதிக்கிற. தரையோட தரையா மிதிக்கிற!"

பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். நீ வண்டி நிற்கப்போகிற கவலையே இல்லாமல் வாய்விட்டுச் சிரித்தாய். வாழ்க்கையில் யாரும் ஒரு 'பான்' ஆனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். வண்டி மக்கர் செய்தால் நீ பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வாய்.

சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினாய். போட்ட டீசல் எங்கேயாவது ஒழுகிவிட்டதா பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திருகினாய். 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. அந்தக் கணத்தில் எனக்கு வார்டு ஞாபகம் வந்தது. ட்ரிப் பாட்டிலின் மேல்பக்கம் காற்றுக்காக ஓர் ஊசி குத்தி வைப்போம். அதை மறந்துவிட்டால் பாட்டில் நிறைய மருந்து இருந்தும் சொட்டு குறைந்துகொண்டே வந்து நின்றுபோகும். இறங்கிய மருந்தின் இடத்துக்குக் காற்று வர வேண்டும் அல்லவா? டீசல் டேங்கும் அப்படித்தான். நிறைந்திருந்தால் உள்ளே காற்றும் கொஞ்சம்தான், சீக்கிரமே இழுபறி. மூடியை வாங்கிப் பார்த்தேன். காற்று போக வேண்டிய பொடித் துளை முழுக்கப் புழுதியும் பிசுக்குமாக அடைந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"இதுலயும் வாஸ்லின் தடவுனியா?"

"துரு புடிக்குமேன்னு... மொன் தியே, கடவுளே! நான்தான் அடைச்சனா?"

அங்கேயே என் சேஃப்டி பின்னை வைத்துக் குத்திச் சுத்தம் செய்தோம். மரக்காணம் வரை வண்டி ஒருமுறைகூடத் தளரவில்லை. நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் டீ குடிக்கத் திரும்பினோம். விஷயத்தைக் கேட்டு, "வேற எங்கெல்லாம் தடவி வச்சிருக்கீங்க மேடம்?" என்று சேகர் கும்பிட்டார். இரவு மகனுக்குப் போன் போட்டு நீ பிரெஞ்சில் பொரிந்து தள்ளியதில் எனக்குப் புரிந்தது 'பூஷோன்' என்ற ஒரு சொல்தான். மூடி என்று பிறகு அர்த்தம் சொன்னாய்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். ஜெயித்த முகம்தான். "வண்டியப் பாத்தாச்சு. இப்ப என் காலையும் பாத்துடு" என்றாய்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நீ விட்டிருக்க மாட்டாய். வண்டியில் என்ன கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாயோ, அதே ஆசை கண்ணில் தெரிந்தது. பஞ்சைத் திரித்துக்கொண்டு உன் காலடியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொள், தொட்டதும் சொல் என்றேன். இடது காலில் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாய். வலது காலுக்கு வந்தேன். கட்டைவிரலைத் தொட்டேன். அடுத்த விரலைத் தொட்டேன். பாதத்தின் முன்பக்கம் முழுக்கத் தொட்டேன்.

நீ கண்ணை மூடியபடி, பொறுமையாக, சின்னச் சிரிப்போடு கேட்டாய்: "ஆரம்பிச்சிட்டியாடி?"

பஞ்சு உன் பாதத்தின் மேலேயேதான் இருந்தது. நீயே கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாய். "வண்டியும் பொய் சொல்லல, என் புள்ளையும் பொய் சொல்லல" என்றாய். அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டாய். மகன் வந்ததும் சாவியை நீயே அவன் கையில் வைத்தாய். "வண்டி நல்லா கீதுப்பா. நான்தான் நிறுத்திட்டேன்" என்று நீ சொன்னபோது, அவன்தான் அழுதான்.

நீ போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் ஓய்வு பெற்றும், தேங்காய்த்திட்டில் நடக்கும் சுகர் முகாமுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கால் பார்ப்பதுதான் என் வேலை. மீன் ஏலத்திலிருந்து நேராக வந்து உட்காரும் பெண்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் பஞ்சை எடுத்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆரம்பிக்கிறேன்மா" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். உன் கேள்வியை இன்னொருத்தி வாயிலிருந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.