வளைகாப்பு நாற்காலி

மாசாய் வீட்டில் இருக்கும் என் கணவருக்கு,

தைராய்டு கூடி என் கை நடுங்கியபோது, "பிள்ளைத்தாச்சிக்கு மாத்திரை எதுக்குலா? எல்லாம் பயந்தான்" என்று உங்கள் அம்மா டாக்டர் கொடுத்த மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். நீங்களோ, "அம்மா நாலு பெத்தவங்க" என்றீர்கள். நெஞ்சு படபடத்து நான் விழுந்த பிறகுதான் டாக்டர் சொன்னார், மருந்தை நிறுத்தியது குழந்தைக்கும் ஆபத்து என்று.

வளைகாப்பு முடிந்துதான் தாய்வீடு போகவேண்டும் என்பது முறை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெர்சிங்கில் என் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தை நன்றாக உதைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு மண்டபம் நிறைந்திருக்கும். எனக்குப் போட்ட நாற்காலியில் உங்கள் அம்மாவை உட்காரவைத்து வளையல் அடுக்குங்கள். பெண் எங்கே என்று கேட்பவர்களிடம் குப்பைத்தொட்டியைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். மறைத்தால் நான் சொல்வேன்.

என் கையெழுத்தைப் பாருங்கள். ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை.

உங்கள் பிள்ளையின் தாய்