கொடி ஏற்றியவனின் டம்ளர்

செம்மாங்காட்டுவலசு,
வெள்ளகோவில் வழி,
24.8.1997

அன்புள்ள மாப்பிள்ளை கௌதமனுக்கு,

உன் தாய்மாமன் மாரப்பன், பகையாளிக்கு வயிறு எரிகிற அளவுக்குச் சௌக்கியமாக இருந்துகொண்டு எழுதுவது. ஜபல்பூரில் மழை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பெய்தது. நான் கொடி ஏற்றிய மறுநாளே பெய்தது. காரணத்தை நீயே யோசித்துக்கொள்.

உன் அம்மா காளியாத்தாளுக்கு முட்டி வலி தேவலை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஊரில் மூன்று என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

உன் கடிதத்தை நாலு பேர் நடுவில் உரக்கப் படிக்கலாம் என்றுதான் பிரித்தேன். மாமா டீயை அந்தக் கடைக்காரன் மூஞ்சியில் ஊற்றியதைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தது, ஒன்றாம் தேதி லீவில் வருகிறேன், கடையை அடித்து நொறுக்கி மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

போன கடிதத்தில் நான் எழுதியது பாதிதான் நிஜம். சுதந்திரப் பொன்விழா என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கொடி ஏற்றச் சொன்னது நிஜம். ஐம்பது வருஷத்தில் நம் காலனியிலிருந்து அந்தக் கயிற்றைத் தொட்ட முதல் கை இந்தக் கைதான். கயிறு சிக்கி நான் கம்பத்தில் ஏறியதாக எழுதியது கொஞ்சம் கூடுதல். ஒரு சுண்டு சுண்டினேன், பூக் கொட்டியது. பஞ்சாயத்துத் தலைவர், ஒரு அடிகூடத் திருப்பி அடிக்காமல் வாங்கிய சுதந்திரம் என்று முக்கால் மணி நேரம் பேசினார்.

பேச்சு முடிந்ததும் டீ. டீக்கடைச் சென்னகேசவன் தட்டு நிறையக் கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தான். இன்னொரு கையில் தனியாக ஒன்று. அவன் கடைக் கூரை ஆணியில் நமக்கென்று தொங்குமே, குடித்துவிட்டு நாமே கழுவி மாட்டுகிற அலுமினிய டம்ளர், அதுதான். சாம்பல் போட்டுப் பளபளவென்று விளக்கி, மூவர்ண ரிப்பன் கட்டியிருந்தான். கொடி ஏத்துனவருக்குன்னு தனியா எடுத்தாந்தேனுங்க மாரப்பண்ணா என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இத்தனை வருஷத்தில் எனக்கு அவன் ‘ங்க’ போட்டது அன்றைக்குத்தான். மரியாதை செய்வதாகவே நினைத்தான், மாப்பிள்ளை. அதுதான் எனக்குக் குமட்டியது.

அவன் மூஞ்சியில் ஊற்றினேன் என்பது பொய். குடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். குடித்ததோடு விட்டேனா? பழக்க தோஷம், குழாயடிக்குப் போய்க் கழுவியும் கொடுத்துப்போட்டேன். அந்த டீ இன்னும் தொண்டையில் புளித்துக் கிடக்கிறது. என்னை நினைத்தால் எனக்கே சீ என்று வருகிறது.

நாற்பத்திரண்டில் நான் ஜெயிலுக்குப் போன கதையையும் திருத்திவிடுகிறேன். ஜெயிலில் இருந்தது உன் தாத்தன் கூலிக்கு இருந்த தோட்டத்துப் பண்ணாடி. நான் அப்பனோடு கோயமுத்தூருக்குச் சோற்று மூட்டை தூக்கிப்போன ஒன்பது வயசுப் பொடியன். உள்ளே எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டுதாண்டா என்று அவர் கம்பிக்குள்ளிருந்து பெருமையாகச் சொன்னார். விடுதலையாகி வந்த அன்றைக்கே எங்களுக்குக் கொட்டாங்குச்சியில் மோர் ஊற்றினார். சண்டை போடாமல் வாங்கிய சுதந்திரம் என்கிறார்கள். கொடுத்ததைக் குடித்துவிட்டுக் கழுவி வைப்பதுதான் சண்டை போடாமல் இருப்பது என்று நானும் ஐம்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தூ!

பதினேழாம் தேதியிலிருந்து தினமும் காலையில் அந்தக் கடைப் பெஞ்சில் போய் உட்காருகிறேன். நம்மவர் யாரும் உட்காராத பெஞ்ச். கண்ணாடி டம்ளரில் டீ கேட்கிறேன். அவன் ஆணி டம்ளரை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறேன். வெயில் ஏறும் வரை இருந்துவிட்டு வருகிறேன். இதில் கூட்டிச் சொல்ல எனக்கே ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவு சப்பென்று இருக்கிறது. முந்தாநாள் ஒருவன் எச்சில் டீயை என் மேல் வீசினான். என் கை கிளம்பிவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பண்ணாடி ஜெயிலுக்குப் போனதுகூட இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று உன் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏனுங்க, கொடி ஏத்துன கை பட்டா உங்க கண்ணாடி வெடிச்சுப்போடுமுங்களா என்று கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சென்னகேசவன், எனக்கென்ன ஆசையா காளியாத்தா, ஏவாரம் படுத்துக்கும் என்று முனகினான். ‘ங்க’ போய்விட்டது, பார்த்தாயா? ஆனால் நேற்று ஆணி டம்ளரை அவன் நீட்டவில்லை.

இந்த நேரத்தில் நீ வந்து கடையை உடைத்தால் உன் பட்டாளத்து வேலை போகும், உன் அம்மா ஸ்டேஷன் வாசலில் நிற்பாள். டம்ளரை எல்லோரும் மறந்துபோவார்கள். மாரப்பன் மருமகன் கடையை உடைத்தான் என்பதுதான் நிற்கும்.

லீவை ரத்து செய்யாதே, வா. பெஞ்சில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரப் பழகிக்கொண்டு வா. கருப்பராயன் துணை இருக்கட்டும். மாமன் சொன்ன பொய்களில் எதை வேண்டுமானாலும் நம்பு, கண்ணு. மூஞ்சியில் டீ ஊற்றிய இந்த ஒன்றை மட்டும் வந்து மெய்யாக்கிவிடாதே.

உன் வரவைப் பெஞ்சில் பார்த்திருக்கும்,
மாமன் மாரப்பன்