கேப்டன் கண்டுபிடித்த முனை

1909 மே 11

இன்று ஒரு நிலமுனையைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தபோது அதன்மேல் இனாலுக் என்ற பெண்மணி உட்கார்ந்து, பனிக்கடலில் வேட்டையாடிய சீலின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேப்டன் விண்டிங் கொடி நட்டு, பயணத்துக்குப் பணம் கொடுத்த வெண்ணெய் வியாபாரியின் பெயரை முனைக்கு வைத்தார். ‘மனித நடமாட்டமே இல்லை’ என்று எழுதிக்கொண்டே, இனாலுக் கொடுத்த கறியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

“இவரு இங்க எதையாவது தொலைச்சிட்டாராப்பா?” என்று இனாலுக் என்னைக் கேட்டார்.

மொழிபெயர்ப்பது என் வேலை. “வாழ்த்துறாங்க” என்றேன் கேப்டனிடம்.

மே 14

முனையின் பின்பக்கம் முழுவதும் நிலம் என்று கேப்டன் படத்தில் வரைந்துவிட்டார். அது கடல். மேலே பனி மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனாலுக் தலையில் அடித்துக்கொண்டார். “ஜூன்ல நீரோட்டம் அடியிலயே பனியைத் தின்னுடும் தம்பி. திரும்பறப்போ சுத்திக்கிட்டுப் போங்க. ரெண்டு நாள் கூட ஆகும், ஆகட்டுமே!”

கேப்டனிடம் சொன்னேன். “நாலு கருவி வெச்சு அளந்திருக்கேன், எஃப்ராயிம். அந்தம்மாகிட்ட என்ன கருவி இருக்கு?” என்றார்.

அந்தம்மா பதினோரு வருடம் அங்கே சீல் பிடித்திருக்கிறார். அது கணக்கில் வராது போல.

மே 15

வடக்கே கிளம்பினோம். வழியில் ஒரு பாறைக்கு அவர் மாமியார் பெயர்.

ஜூன் 9

மறுபடி முனையில். நாளை பின்பக்கமாகத்தான் போக வேண்டுமாம், கப்பல் காத்திருக்கிறதாம். சறுக்குவண்டியும் எட்டு நாய்களும் என்னுடையவை. அவை இல்லையென்றால் குளிர்காலத்தில் வேட்டையில்லை, பிள்ளைகளுக்குச் சாப்பாடில்லை. பிறகு ஏன் தலையாட்டினேன்? கூலிக்காரன் வேறு எதை ஆட்டுவான்?

ஜூன் 10

நாய்கள் நகர மறுத்தன, குட்டி மிகிகூட. கேப்டன் என் சாட்டையைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். “படத்துல இது நிலம்!” என்று கத்தினார். நிலம் உடைந்தது.

இனாலுக் ஈட்டிக் கயிறு வீசி அவரை இழுத்துப் போட்டார். நான் வாரை அறுத்து இரண்டு நாய்களை மீட்டேன். மற்ற ஆறும் வண்டியோடு—

வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பாவி நான்.

1910 ஆகஸ்ட் 2

போன குளிர்காலம் முழுவதும் அண்ணன் வண்டியில் பின்னால் தொற்றிக்கொண்டுதான் வேட்டைக்குப் போனேன்.

இன்று கப்பலில் அச்சான வரைபடம் வந்தது. முனை இப்போது தீவு. பின்னால் இருப்பது விண்டிங் நீரிணை; கண்டுபிடித்ததற்காக அவருக்குப் பதக்கமும் உண்டாம். குறை சொல்ல முடியாது, உள்ளே இறங்கியே பார்த்தவர்.

பென்சிலை எடுத்து அந்த நீரிணைக்குள் நானும் பெயர் வைத்தேன். துலுகாக். நாஜா. கஜொக். உக்கலெக். அமரொக். மிகி.

மிகிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.