அனிட்டா வண்டிக்கு மருந்தடிக்கிற ஓஸ்

இயேசு மரி சூசை துணை

திருக்காட்டுப்பள்ளி
கார்த்திகை, மழை விட்ட ஒரு காலை

அன்பு மகள் அனிட்டாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை டி.வி.க்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது, மற்றபடி குறை இல்லை. நீயும் அந்த ஸ்டுட்கார்ட் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கோயம்புத்தூர் தேதி தள்ளிப்போயிருக்கு, விவரமா எழுதுறேன் என்று போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா எடுத்து, அப்பா வயல்ல இருக்காரு என்கிறாள். நான் வயலில் இல்லை மகளே, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய், என் பக்கத்து நியாயம் மீதிப் பாதியில்தான் இருக்கிறது. கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நம் பங்குக் கோயில் சகாயராஜ், தன் மகள் பிரசவத்துக்காக வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறார், அவர் பெட்டியில் முறுக்கோடு இதையும் வைக்கிறேன். முறுக்கைத் தின்றுவிட்டுப் படி, கோபம் கொஞ்சம் இறங்கும்.

பொங்கலுக்கு வந்து கோயம்புத்தூர் ரேஸ் ட்ராக்கில் உன் காரை ஓட்ட வேண்டும் என்று நீ வருஷம் பூராவும் லீவு எடுக்காமல் சேர்த்து வைத்திருப்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பயந்து எழுதுகிறேன். டர்போ மாட்டி இரண்டு மடங்கு சக்தி ஏற்றின வண்டிக்குப் பழைய பெட்ரோல் பம்ப் போதாது, வேகமெடுக்கிற நேரத்தில் இஞ்சின் பட்டினி கிடந்து உள்ளேயே வெந்துபோகும், பம்ப், இஞ்செக்டர், ரெகுலேட்டர், குழாய் எல்லாம் புதுசாகப் போடணும் என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். தஞ்சாவூரிலிருந்து மெக்கானிக் ஷேக் பரீத் நம் டிராக்டர் கொட்டகைக்கே வந்து வேலை பார்ப்பார், "அவர் சொல்றத மட்டும் கேளுங்கப்பா, உங்க சொந்த யோசனைய உள்ள விடாதீங்க" என்று சொன்னபோதும் தலையாட்டினேன். தலையாட்டுகிற விஷயத்தில் உன் அப்பாவிடம் ஒரு குறை சொல்ல முடியாது.

பம்ப் முதலில் வந்தது. பெட்டி மேல் மணிக்கு இருநூற்று ஐம்பத்தைந்து லிட்டர் என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெட்ரோல் குடிக்கிற வண்டிக்கு நம் நிலத்தையே எழுதிக் கொடுத்தாலும் காணாதே என்று, "தம்பி, இது காரா, ரயிலா?" என்று கேட்டுவிட்டேன். ஷேக் பரீத் சிரிக்க இடம் போதாமல் டிராக்டர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, அது பம்ப் தள்ளுற கணக்கு. இஞ்சினு தனக்கு வேணுங்கறத குடிச்சிட்டு மிச்சத்தத் திருப்பி டேங்குக்கே அனுப்பிரும்" என்றார். மிச்சம் திரும்பி வரும் என்று தெரிந்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. பக்கத்து வயல்காரன் அஞ்சு எச்.பி. மோட்டார் இறக்கினால் ஏழரை இறக்குகிற ஊர் நம்முடையது, அப்புறம் எதற்கு இந்தச் சின்ன பம்ப், இதைவிடப் பெரிசு இல்லையா என்று ஆரம்பித்தேன். "பெருசு இருக்குண்ணே, போட்டா பெட்ரோலு சும்மா சுத்திச் சுத்தி வந்து சூடாவும், வயரும் சூடாவும். பாப்பா கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருக்கு" என்றார். இஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சுகிற இஞ்செக்டரிலும் அதே கதைதான், நான் பெரியதைப் பிடித்துக்கொண்டேன், அவர், "பறக்கறப்ப நல்லாத்தாண்ணே இருக்கும், சிக்னல்ல நிக்கறப்ப பொடிசா விடத் தெரியாம இருமிக்கிட்டே நிக்கும்" என்றார். டீ கொண்டுவந்த உன் அம்மா, "ரசத்துக்கு உப்புப் போடச் சொன்னா டப்பாவக் கவுக்கிற மனுஷங்க இவரு, நீங்க பாத்து நடத்துங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரெகுலேட்டர் ஒன்றுதான் யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்தது, ஆற்றுக்கு ஆறு தண்ணீரை அளந்துவிட அதே பேரில் மதகு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், புரியாமல் இருக்குமா.

நடுவில் ஊர்ச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சம்பா நன்றாகப் பிடித்துவிட்டது, போன வாரம் கொட்டின மழையில் இரண்டு நாள் பயிர் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, வடிகாலை வெட்டிவிட்டோம், இப்போது பச்சை கண்ணைப் பறிக்கிறது. கோயிலில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள், வைக்கோலுக்குக் குறைவில்லாத ஆள் என்பதைத் தவிர வேறு தகுதி பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவள் கட்டுக்குள் நான் இருக்கிறேன்.

சரி, குழாய்க்கு வருகிறேன். உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட குழாய்தான் வேண்டும், இப்போது பங்க்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் சாதா ரப்பரைத் தின்றுவிடும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். தோசைத் தவாவில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற சாமான் எதற்குப் பெட்ரோல் குழாய்க்கு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம், ஆனாலும் ஆர்டர் போட்டாயிற்று. மற்றதெல்லாம் வந்து மாட்டியும் ஆயிற்று, குழாய் மட்டும் மழையில் எங்கோ மாட்டிக்கொண்டது. கூரியர்க்காரனைக் கேட்டால் வந்துக்கிட்டே இருக்கு சார் என்பான், எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டான். புதன்கிழமை காலை வண்டியைக் கோயம்புத்தூரில் உருளை மேல் ஏற்றி, கம்ப்யூட்டரை வைத்துப் பெட்ரோல் அளவு சரிபார்க்க நாள் வாங்கியிருந்தோம். அந்த நாள் போனால் பொங்கலுக்கு முன்னால் வேறு நாள் இல்லை என்று அந்த ட்யூனிங்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். ட்யூனிங் இல்லாமல் ட்ராக்கில் விட மாட்டார்கள், விட்டாலும் நீ ஓட்ட மாட்டாய். உன் ஒரு வருஷம் ஒரு முழக் குழாயில் தொங்கிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் கொட்டகைச் சுவரில் நம் பவர் ஸ்பிரேயர் ஓஸ் என் கண்ணில் பட்டது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்க இந்தப் போகத்துக்குத்தான் புதிதாக வாங்கினது, மஞ்சள் கலரில் பளபளவென்று சுருண்டு கிடந்தது. அதன் மேல் அச்சடித்திருக்கிற பிரஷர் கணக்கைப் படித்தேன், உன் வண்டிக்கு வேண்டியதைப்போல் பத்து மடங்கு தாங்கும். பத்தாவதில் நான் அறிவியலில் வாங்கின மார்க்கை இன்றுவரை உன் அம்மாவிடம் சொன்னதில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு விஞ்ஞானி எழுந்து நின்றான். ஷேக் பரீத்தும் அதைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அவரும் இந்தப் பக்கத்து ஆள்தானே, "பிரஷர் பத்திக் கவலையே இல்லண்ணே, இது யானையக் கட்டலாம்" என்றார். இரண்டு பேரும் பிரஷரையே பார்த்தோம் மகளே, பெட்ரோலைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டிவிட்டோம். நீ அனுப்பின கணக்கை லேப்டாப்பிலிருந்து ஏற்றி சாவியைத் திருப்பினார், அடேயப்பா, அந்தச் சத்தத்துக்கு வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. உனக்கு வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று போனைத் தேடினேன்.

எடுக்கவிடாமல் தடுத்தவள் உன் அம்மா. "ஏங்க, அது மருந்தடிக்கிற ஓஸ்தானே, அதுல எதுக்குப் பெட்ரோலு?" என்றாள். நான் பிரஷர் கணக்கை ஒரு வாத்தியார் மாதிரி விளக்கினேன். அவள் பிறந்தது ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையில், முத்துப்பேட்டைப் பக்கம், அது உனக்குத் தெரியும், நான் தலைமடைக்காரன் என்பதை வருஷத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "உங்க ஊர்ல எவ்வளவு தண்ணி தொறந்தாங்கன்னு கேப்பீங்க. எங்க ஊர்ல வாய்க்கா கரை எப்படி இருக்குன்னுதான் கேப்போம், கரை கரைஞ்சா வந்த தண்ணியும் நிக்காது. போன வருஷம் கதவுல கொட்டுன பெயின்ட்டத் தொடைக்க பிளாஸ்டிக் டப்பாவுல பெட்ரோல் ஊத்தி வச்சேன், டப்பா கொழகொழன்னு போச்சு, மறந்துட்டீங்களா?" என்றாள். டப்பா வேறு ஓஸ் வேறு என்றேன். அவள் போய், ஓஸ் வெட்டினதில் மிஞ்சின துண்டு ஒன்றை எடுத்து, காலி ஊறுகாய் ஜாடியில் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டு மூடி, வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கொல்லை மதில் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நானும் ஷேக் பரீத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சிரித்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மினி லாரி வந்துவிட்டது, வண்டியை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். உன் அம்மா ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பெட்ரோல் டீ கலருக்கு வந்திருந்தது. துண்டை எடுத்தால் ஊறின அவல் மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் உள்பக்கம் உரிந்து வந்தது. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை, லாரி மேல் ஏறி பானட்டைத் திறந்தேன். அங்கேயும் ரெகுலேட்டர் பக்கத்துக் கிளிப்பில் ஓஸ் வேர்த்திருந்தது, ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி. அதற்கு நேர் கீழே உன் டர்போ. முழு வேகத்தில் அது அடுப்புக் கரி மாதிரி சிவக்கும் என்று நீயே எனக்குப் படம் காட்டியிருக்கிறாய். அந்த சீட்டில் பெல்ட்டுக்குள் கட்டிக்கொண்டு யார் உட்காரப்போகிறாள் என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். ஷேக் பரீத் முகம் சுண்டிப்போயிற்று. "நானும்தாண்ணே சரின்னேன், தப்பு பாதி என்னது. ஆனா நாள் போயிருமேண்ணே. வேற ஓஸ் ஏதாவது மாட்டி ட்யூனிங் மட்டும் முடிச்சிட்டு வந்துரலாமா, நல்ல குழாய் வந்ததும் மாத்திக்கலாம்" என்றார். அவர் உனக்காகத்தான் கேட்டார், அவர் மேல் கோபப்படாதே. நான் இறக்கச் சொல்லிவிட்டேன். லாரிக்காரர், "என்ன சார், இப்பதான் ஏத்துனோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். கோயம்புத்தூருக்குப் போன் போட்டு நாளை விட்டுக்கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கேட்கவில்லை.

இதுதான் நடந்தது, இப்போது திட்டலாம். ஆனால் கொஞ்சம் பொறு, மீதி இருக்கிறது. குழாய் மறுநாளே வந்து சேர்ந்தது, அந்தக் கூரியர்க்காரனை நான் ஒன்றும் செய்யவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன். ஷேக் பரீத் அளவெடுத்து மாட்டிவிட்டார், மிஞ்சின துண்டை நாங்களே பயபக்தியோடு ஜாடியில் போட்டோம், ஒரு வாரமாகிறது, போட்டபடி அப்படியே இருக்கிறது, தோசைத் தவாவைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ட்யூனிங்காரரிடம் ஷேக் பரீத் தினம் போன் போட்டுக் கெஞ்சினார், நான் ஒரு முறை பேசி நம் ஊர்ப் பச்சரிசி ஒரு மூட்டை தருவதாகச் சொன்னேன், அரிசியா கெஞ்சலா எது வேலை செய்ததோ, பொங்கல் லீவை விட்டுக்கொடுத்து ஒரு நாள் தருகிறேன் என்றிருக்கிறார். அது நீ திருச்சியில் வந்து இறங்குகிற அதே நாள். மறுநாள் காலை உன் ஓட்டம். நடுவில் ஒரு ராத்திரிதான் உனக்கு, தூக்கமும் கெட்டிருக்கும், உடம்பும் அலுத்திருக்கும், வண்டியைப் பழகிப் பார்க்க நேரம் இருக்காது. இப்படி அவசரத்தில் ஓட்ட வேண்டாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான். ஓட்டுவதும் விடுவதும் உன் முடிவு மகளே, எனக்கு அதில் பேச்சு இல்லை. குழாய் விஷயத்தில் மட்டும்தான் நான் உன்னைக் கேட்காமல் முடிவு செய்தேன், அதற்கு எத்தனை வருஷம் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா இன்னொன்றும் எழுதச் சொல்கிறாள். வீட்டு வாசல் மிதிக்காமல் ஏர்போர்ட்டிலிருந்து நேராக கோயம்புத்தூர் போவது என்ன பழக்கம் என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவளே, "இட்லியக் கட்டி எடுத்துக்கிட்டு நானும் லாரியிலயே வந்துர்றேன், புள்ள பசியோட வண்டி ஓட்டக் கூடாது" என்கிறாள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலே அந்த வண்டிப் பக்கம் திரும்பாதவள். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் மனசு மாறிவிடுவாள்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், வேலையில் நல்ல பேர் வாங்கு, வேளைக்குச் சாப்பிடு. வரும்போது கைப்பையில் ஒரு மாற்று உடுப்பு தனியாக வை, பெட்டி எந்த ஊரில் சிக்கும் என்று சொல்ல முடியாது. சகாயராஜிடம் முறுக்கு டப்பாவைத் திருப்பிக் கொடுத்து அனுப்ப மறந்துவிடாதே, இல்லாவிட்டால் அந்தப் பேச்சையும் நான்தான் கேட்க வேண்டும். ஓட்டுகிறேன் என்றாலும் இல்லை என்றாலும் அம்மா போனுக்கு ஒரு வார்த்தை சொல், இந்த முறை நானே எடுக்கிறேன். நீ ஓட்டினால் நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்போம். ஓட்டாவிட்டால் வண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம், டிரைவரிடம் கேட்டுவிட்டேன், முன் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாமாம்.

என்றும் உன் அன்பு அப்பா,
ச. வேதநாயகம்
(அம்மா ஆரோக்கியத்தின் முத்தங்களும்)