பம்புக்கு மெத்தை போட்ட கதை

செவர்ட், நெப்ராஸ்கா
செப்டம்பர், சனிக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள வெர்லினுக்கு,

நானும் நாயும் சுகம். உன் நெஞ்சுத் தையல் நன்றாக ஆறிவிட்டதென்று ஜனெல் போனில் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தோடு இன்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உன் மஞ்சள் ரிமோட் விமானம் இன்று காலை நெட்டுக்குத்தலாக வானத்தில் ஏறியது. இஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, விமானத்தை என்னோடு பறக்கவிடும் குசெராவிடம் கொடுத்துவிடு, இனி எனக்கு எதற்கு, மகள் ஜனெல் வீட்டோடு இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும்போதும் அதே நினைப்பு. சாப்பிட்டு முடித்து ஒற்றைத் தட்டைக் கழுவி வைப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை, வெர்லின்.

அந்த வாரமே ஒரு பார்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் நீ ஆர்டர் செய்த எரிபொருள் பம்பு. மூக்கில் சக்கரம் மடங்க இடம் வேண்டுமென்று எரிபொருள் டாங்கியை இறக்கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்த மகாராஜா நீதானே. அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்ச அந்தக் குட்டி இஞ்சினுக்கு ஏது திராணி? விமானம் மூக்கைத் தூக்கினால் போதும், மூச்சு நின்றுவிடும். கோடை முழுக்க நீ வாய்க்கு வந்தபடி திட்டியது அதற்குத்தான். சரி, கொடுப்பதுதான் கொடுக்கிறோம், ஒழுங்காகப் பறக்கிற விமானமாகக் கொடுப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பம்பைப் பிரித்தேன். அது பொய் என்று நாய்க்குக்கூடத் தெரியும்.

சமையலறை மேசையில்தான் வேலை. திட்டாதே, செய்தித்தாள் விரித்துக்கொண்டேன். டாங்கியிலிருந்து பம்புக்கு ஒரு குழாய், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு குழாய். எரிபொருளைத் தள்ளிவிடச் சைலன்சரிலிருந்து டாங்கிக்குப் போன பழைய குழாயைக் கழற்றி, சைலன்சர் துளையை அடைத்தேன். அது இனி வேண்டாமென்று கூட வந்த தாளில் போட்டிருந்தது. தாளின் மறுபக்கத்தை நான் படிக்கவில்லை. பம்பைத் திருகும்போது எனக்கு இரக்கம் வந்துவிட்டது. இஞ்சின் போடுகிற ஆட்டத்தை இந்தத் துளியூண்டு சாமான் எப்படித் தாங்கும்? ஊறுகாய் ஜாடியின் ரப்பர் வளையத்தை வெட்டி அடியில் மெத்தையாகக் கொடுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

இன்று காலை மைதானத்துக்கு எடுத்துப் போனேன். தரையில் இஞ்சின் சமர்த்தாக ஓடியது. குசெரா விமானத்தின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தார், நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினோம், மறுபடி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பார்த்தவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஆர்லிஸ், இதுக்குள்ள மோட்டாரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இஞ்சின் போட்டு உலுக்குற உலுக்குலதான் இது எண்ணெயைத் தள்ளும். நீ என்னடான்னா மெத்தை போட்டுத் தூங்க வெச்சிருக்கே.”

அவருக்கென்று கொண்டுபோன கொலாச் இனிப்பு ரொட்டியைக் காரிலேயே வைத்துப் பூட்டினேன். ரப்பரைப் பிடுங்கிவிட்டு, இஞ்சினைத் தாங்கும் சட்டத்தோடு பம்பை இறுக்கித் திருகினேன். பிறகு மூக்கைத் தூக்கினால், அது நிற்கவே இல்லை, வெர்லின். குசெரா ஓடுபாதையில் ஓட்டிக் கிளப்பி, உயரம் போனதும் ரிமோட்டை என் கையில் திணித்து, இழு, விட்டுவிடாதே என்றார். இழுத்தேன். நேராக மேலே போனது, கடுகாகிப் போகும்வரை போனது. நான் போட்ட கூச்சலில் சோளக் காட்டிலிருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. இறக்கியது அவர்தான். ஒரு சக்கரம் சோயா வரிசையை உரசியது, சேதமில்லை.

அப்போதுதான் நீ எழுதியதைச் சொல்லி, இந்தா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அவன் கையால குடுத்தா வாங்கிக்கறேன். நீ குடுத்தா வேணாம்” என்றார். கொலாச்சை எடுத்துக் கொடுத்துவிட்டேன், எல்லாவற்றையும்.

இன்னும் வெள்ளைப் புகை அதிகம். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போகிறதாம். குசெரா எரிபொருளைக் குறைக்கும் ஊசியைத் திருக வந்தார், கையைத் தட்டிவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திருத்த உன் காதுதான் வேண்டும்.

ஜனெல் தங்கமான பெண். டாக்டர் உன்னை நடக்கச் சொன்னார், அவள் காப்பிக் கோப்பையைக்கூடத் தூக்க விடுவதில்லை. முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒன்று. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு பம்புக்கு அதைத்தான் செய்தேன். அந்த ரப்பர் துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டி, கதையைச் சொல். சிரிப்பாள், கொஞ்சம் அழுவாள், பிறகு அவளே டிக்கெட் எடுத்துத் தருவாள்.

சோளம் அறுப்பதற்குள் வந்துவிடு. கடவுள் உன் நெஞ்சைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும். உலுக்குகிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடட்டும்.

உன்
ஆர்லிஸ்