எண்ணெய்க் கைக்கு ஒரு பாட்டுப் பெட்டி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகம். நீயும் சுகம் என்று நேற்று போனில் சொன்னாய், ஆனால் சொன்ன வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, அதனால் இன்னொரு முறை கேட்கிறேன், சுகம்தானே? என் கையெழுத்தை உன் போன் வாசிக்க மறுக்கிறது என்பதால் நூலகத்தில் வேலை முடிந்ததும் அங்கேயே கணினியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த இயந்திரக் குரல் என் பதற்றத்தை எல்லாம் வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கும், நீயாகக் கொஞ்சம் பதற்றம் சேர்த்துக் கேட்டுக்கொள்.

பழைய பாட்டுப் பெட்டி வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதே மாதிரி ஒன்று வாங்கி இந்தப் பாட்டையெல்லாம் போட்டு அனுப்புங்கள் என்று அதன் மெமரி கார்டை நீ அனுப்பினாயே, அன்றிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்காரர் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார், வழவழவென்று கண்ணாடி, பட்டன் என்பதே கிடையாது, தொட்டால் பேசுகிறது, கையில் வைத்தால் நகை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று சோப்புக்கட்டி கனத்தில், கறுப்பாய், முகமெல்லாம் ரப்பர் பட்டனாய் இருந்தது. அதெல்லாம் வயசானவங்க வாங்குறது அக்கா என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். என் மனசும் நகையில்தான் இருந்தது. உன் மருத்துவமனையில் நாலு பேர் வந்து போகிற இடத்தில் இந்தச் சோப்புக்கட்டியை வைத்திருந்தால் பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க என்று கடையிலிருந்தே போனில் உன்னைக் கேட்டேன். பார்க்கிறவங்க அந்தக் கண்ணாடியையே வாங்கிக்கட்டும்மா, எனக்குப் பட்டன் வச்சதை எடு என்றாய். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாய், ஒருத்தர் முதுகைப் பிடிச்சுவிடும்போது என் கையெல்லாம் எண்ணெய், பாட்டு மாத்தணும்னா விரல் முட்டியாலதான் அமுக்கணும், கண்ணாடியில முட்டி பட்டா அது பாட்டுக்கு வேற எங்கேயோ போயிடும் என்று. இத்தனை நாளாக நீ வேலை செய்கிறாய், அந்த அறைக்குள் உன் கை எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அப்பா இரண்டையும் மாற்றி மாற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டு, வெளியே எடுக்காமல் துணிக்கு மேலேயே அமுக்கிப் பார்த்தார். பஸ் ஓட்டும்போது யாராச்சும் குனிஞ்சு பார்த்துக்கிட்டா கியர் மாத்துவாங்க என்று கடைக்காரரைக் கேட்டார். கறுப்பில் நடுப் பட்டன் குழிந்திருக்கிறது, முன்னே போவதும் பின்னே போவதும் மேடாக இருக்கின்றன, பாட்டுகளைப் பிரித்துப் போட்டிருக்கும் ஒவ்வொரு அடுக்கின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குப் போகிறது, கடைசி அடுக்கு வந்தால் ஒரு சின்னக் கூவல். அதையே வாங்கினோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் உன் அம்மா இல்லையே. உன் கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்தால் அடுக்குகளின் பெயர் எல்லாம் அ, ம்ம், கக, டும் என்று ஏதேதோ இருந்தன. பாவம், அவசரத்தில் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குப் போனால் காலையிலிருந்து மாலை வரை புத்தகத்துக்குப் பெயர் ஒட்டி வரிசையில் அடுக்குகிறவள், கை சும்மா இருக்குமா? மழைநாளில் கேட்க உகந்த மெல்லிசை, உற்சாகம் தரும் துள்ளலிசை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, அகர வரிசையில் அடுக்கி, என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு நீ கேட்பது போல நாமும் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாமூச்சி ஆடுற வயசா இது என்று அப்பா கேட்டதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு பட்டனை அமுக்கினால் மழைநாளில் கேட்க உகந்த என்று ஆரம்பித்து அது பிரசங்கம் செய்கிறது. அது முடிப்பதற்குள் நோயாளி குணமாகி வீட்டுக்கே போய்விடுவார். துண்டை அவிழ்த்துவிட்டுப் பழையபடி மாற்றப் போனேன். பழைய வரிசை என்ன என்று எனக்கு நினைவில்லை. உன்னிடமும் வேறு பிரதி இல்லை.

உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். ம்ம்னா ரெண்டு அமுக்கு, டும்னா நாலு, எல்லாம் விரல்லயே இருந்துச்சும்மா, ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வீட்டு சாமானையெல்லாம் இடம் மாத்தி வச்ச மாதிரி பண்ணிட்டியே என்றாய். நீ நடை பழகின நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்ததில்லை. நீ வேலைக்குப் போன பிறகும் அப்பா முக்காலியை ஒரு சாண் இழுத்துப் போட்டால் நான் காலால் தள்ளி அதன் இடத்தில் வைக்கிறேன். அவ்வளவு காவல் காத்தவள்தான் உன் பாட்டுக்குள் போய் எல்லாவற்றையும் உருட்டிவிட்டேன். நானே மறுபடி சரிசெய்து அனுப்புகிறேன் என்றதற்கு, நீ ஒண்ணும் தொடாதே, அப்படியே அனுப்பு, நான் அடுக்கிக்கிறேன், அந்த மழைநாள் பேர் மட்டும் இருக்கட்டும் என்று சிரித்தாய். சிரிப்பு வந்து சிரித்தாயா, எனக்காகச் சிரித்தாயா என்று யோசித்தபடி பொட்டலத்தை ஒட்டினேன், பிரித்தேன், மறுபடி ஒட்டினேன். மூன்றாவது முறை கத்தரிக்கோலைத் தேடினால் காணோம், அப்பா பஸ்ஸுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்கிறார்.

அவர் சொல்லச் சொன்னது ஒன்றுதான். சாலையில் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு, இன்னொரு காது எங்களைப் போன்ற டிரைவர்களுக்கு என்றார். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கு வந்தவர்கள் வலி தீர்ந்து போகட்டும், அந்தக் கைக்கு ஒரு நோவும் வராமல் இருக்கட்டும். அடுத்த மாதம் உன் அறைக்கு வருகிறேன். பியூஸ் போன பல்பை மாற்றினாயா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எதுக்கும்மா பல்பு என்கிறாய். சரி, மாற்றாவிட்டால் போகட்டும். வாசலில் நின்று கூப்பிடுகிறேன், எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீ வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போ. எதையும் நகர்த்த மாட்டேன்.

இப்படிக்கு,
கை சும்மா இருக்காத உன் அம்மா