வேண்டுதல் என்று சொன்னேன்

பிப்ரவரி 9, ஞாயிறு, 2003

வடைக்கு அரைத்தது வீண். விஜயா எழுந்து வரவே பத்து மணி ஆகிவிட்டது.

மாமல்லபுரத்திலிருந்து மாப்பிள்ளை சடையப்பன் அவளை வேனில் கொண்டுவந்து இங்கே செங்கல்பட்டில் விட்டு ஒரு மாதம். "ஒடம்பு தேறட்டும் அத்தே, வந்து இட்டுகினு போறேன்" என்றார். பேத்தி விஷாகாவை அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் இருக்கிறதாம்.

சென்னையில் தலையைப் படம் எடுத்து வியாதிக்குச் சொன்ன பெயர் எம்.எஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே தேய்கிறதாம். தீராதாம். பயிற்சி செய்தால் விழாமல் நடக்கலாமாம். முப்பத்தாறு வயது, கணக்கு டீச்சர். சம்பந்தி கண்ணகி அம்மாள் ஊரில் சொல்வது வேறு: "இன்னா வியாதி? வேல செய்ய ஒடம்பு வணங்கல." என் பெண்ணை!

தெருவில் கேட்டால் லீவுக்கு வந்திருக்கிறாள் என்கிறேன்.

பிப்ரவரி 20

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் பெயர் வத்சலா. தரையில் கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து நடக்கச் சொல்கிறாள். நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழிக்கவும் வேண்டும்.

"காலும் மூளையும் ஒண்ணா வேலை செய்யணும்மா. வூட்ல அப்படித்தானே? அடுப்பையும் பாக்கணும், கூப்பிட்டா பதிலும் சொல்லணும்."

விஜயா எண்பத்தைந்தில் நின்றுவிட்டாள். கணக்கு டீச்சர்! நான் "எண்பத்திரண்டு" என்றேன். ஐந்தாவதுதான் படித்தேன், கழித்தல் எனக்குத் தப்பாது. வத்சலா என்னை வெளியே போய் உட்காரச் சொன்னாள். பெற்றவளை.

மார்ச் 3

வீட்டுக்குள் நடக்க இடமில்லை. தெருவில் நடந்தால்? போன வாரம் பஸ் ஸ்டாண்டில் விஜயா தள்ளாடியதைப் பார்த்து ஒருத்தன், "காலையிலயே ஊத்திக்கிச்சா இந்தம்மா?" என்றான். காது கேளாதவள்போல் வந்தேன்.

இன்று விடியலில் கோயில் பிராகாரத்துக்குக் கூட்டிப்போனேன். அடிமேல் அடி வைத்துச் சுற்றுகிற பெண்களோடு இவளும் ஒருத்தி. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு அசைந்தால் மந்திரம் என்று நினைப்பார்கள், கழித்தல் என்று யாருக்குத் தெரியும்? வெயிலும் இல்லை. உடம்பு சூடானால் கால் இன்னும் தடுமாறும் என்று வத்சலா சொல்லியிருக்கிறாள். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

எதிர்வீட்டு ஜெகதாம்பாள் விடுவாளா? "இன்னாக்கா வேண்டுதல்?"

"மாப்பிள்ளை ஆயுசுக்கு."

விஜயா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 18

அறுபத்தேழு வரை தப்பில்லாமல் வந்தாள். மூலை திரும்பும்போது சுவரைத் தொடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாளும் பழத்தட்டோடு வந்தார்கள். ஜெகதாம்பாளின் தங்கை மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். விஜயா புருஷனுக்காக அடிப்பிரதட்சணம் செய்கிறாள் என்று செய்தி போயிருக்கிறது. கண்ணகி அம்மாள் கண்ணில் தண்ணீர். "தப்பா நென்ச்சிட்டேன் சம்பந்தி." விஜயாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நன்றாக நடந்தாள்.

"சாமி கண்ணத் தொறந்துட்சி. வேண்டுதல முடிச்சிட்டு இட்டுகினு போறோம்."

அர்ச்சனை செய்து, பொங்கல் வைத்து, முடித்தும் விட்டார்கள். விஜயா சமையல்கட்டில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது முடியற விஷயம் இல்லம்மா. நீயே சொல்லிடு" என்றாள். பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிற வேளையில் எதைச் சொல்வது? எப்படிச் சொல்வது?

வேனில் ஏறியதைத் தெருவே பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று வாசலிலேயே நின்றேன்.

ஏப்ரல் 29

விஜயா போன் செய்தாள். முற்றத்தில் நடக்க விடமாட்டேன் என்கிறார்களாம். "முடிச்ச வேண்டுதலத் திரும்பத் தொட்டா குடும்பத்துக்கு ஆவாது" என்கிறாளாம் மாமியார். மாப்பிள்ளையும், "என் ஆயுசுடி அது, வெளாடாத" என்றாராம். அவர் ஆயுசுக்கு அவர் பயப்படுகிறார்!

"பாத்ரூம்ல கதவச் சாத்திகினு, நின்ன எடத்துலயே பயிற்சி பண்றேம்மா" என்றாள். போனை வைத்தபிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

மே 11

விழுந்துவிட்டாள். கத்திரி வெயில், நடு மத்தியானம் — மாடியில் வடாம் திருப்பிப்போட அனுப்பியிருக்கிறார்கள். மணிக்கட்டு முறிந்தது.

போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன், வேண்டுதல் இல்லை, வியாதிக்கு வைத்தியம் என்று.

"அப்ப சாமி பேர்ல பொய்யா? தீராத சீக்க எங்க தலையில கட்டப் பாத்தியா நீ?" கண்ணகி குதித்தாள். கட்டிக்கொடுத்து பதினாலு வருஷமாகிறதே, இப்போதா கட்டப் பார்த்தேன்? சம்பந்தி என்ற மரியாதைகூட இல்லை. 'நீ'யாம்.

சடையப்பன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயாதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"என் வியாதி பேரு எம்.எஸ். நாளைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். நான் தினம் நடக்கணும். இங்க நடக்கவா, எங்கம்மா வூட்ல நடக்கவா? நீங்க சொல்லுங்க."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். விஷாகா துணிப்பையோடு வந்து முதலில் ஆட்டோவில் ஏறியது.

மே 12

விஜயா என்னோடு பேசவில்லை. இட்லி மட்டும் சாப்பிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

விஷாகாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. டி.சி.யைச் சடையப்பன் தபாலில் அனுப்பினான். நேரில் வரக் காலில்லை. அவனுக்கு என்ன வியாதியோ.

கோயிலுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள் விஜயா. இன்று காலை கட்டுப்போட்ட கையோடு தெருவில் இறங்கி நடந்தாள். நடு ரோட்டில், கழித்தலுக்குப் பதிலாக வாய்விட்டுக் காய்கறிப் பெயர் சொல்லிக்கொண்டு. விஷாகா பக்கத்தில் விரல் மடக்கி எண்ணியது. புடலைக்குப் பிறகு எதுவும் வரவில்லை விஜயாவுக்கு. நின்றாள். பால்காரர் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு போனார்.

ஜெகதாம்பாள் கோலப்பொடிக் கையோடு என் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மாப்ள எப்பக்கா வர்றாரு?"

வேலை நெருக்கடி, மாமியார் உடம்பு, வேன் ரிப்பேர் — எத்தனையோ சாக்கு வாயில் வந்தது.

"வரமாட்டான்" என்றேன். உரக்கவே வந்துவிட்டது.

விஜயா திரும்பிப் பார்த்தாள். பிறகு குதிகாலை எடுத்து விரல்நுனியில் வைத்து, "பீர்க்கு" என்றாள்.